தட்டணுவின் அமைதியும் எழுச்சியும்: நொதிகளைப் பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் தொடங்கி டெங்கு பரவும் மாதங்களில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்ற விசாரிப்பு வீட்டுக்கு வீடு நடக்கும். பிளேட்லெட் என்பதைத்தான் தமிழில் தட்டணு என்கிறோம். மற்ற மாதங்களில் அதே அணுவைப் பற்றி வேறு வகையான கேள்விகள் வருகின்றன: மாரடைப்புக்குப் பிறகு எழுதித் தரப்படும் ஆஸ்பிரின், ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் இரண்டாவது மாத்திரை, சிறு வெட்டுக்கே நெடுநேரம் இரத்தம் வடியும் பிள்ளைகள். உடலியங்கியல் பயிற்றுவிக்கும் ஒருவர் என்ற முறையில் என்னிடம் மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எண்ணிக்கையைப் பற்றிய கவலையில், அந்த அணு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அந்த நிலையைத் தீர்மானிப்பது எது என்பதை நாம் கேட்கத் தவறிவிடுகிறோம். அதற்கான விடை பெரும்பாலும் நொதிகளில், அதாவது உடலின் வேதிவினைகளை விரைவாக நடத்தும் என்சைம்களில்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். அந்த முடிவை உங்களைப் பார்க்கும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

தட்டணு என்பது என்ன? அது எத்தனை இருக்க வேண்டும்?

எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் என்னும் பெரிய செல்லிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலக்கும் சிறு துண்டுகளே தட்டணுக்கள். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர் மட்டுமே. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. ஏழு முதல் பத்து நாள் வரை வாழ்ந்த பிறகு அவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் அகற்றப்படுகின்றன. அந்த இழப்பை ஈடுசெய்ய உடல் நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி புதிய தட்டணுக்களை உருவாக்குகிறது. இரத்தக்கசிவை நிறுத்துவதில் இவற்றுக்கு உள்ள பங்கை 1882-இல் இத்தாலிய அறிஞர் ஜூலியோ பிஸ்ஸோசெரோ விளக்கினார்.

தட்டணுவைப் பற்றிப் பேசும்போது நொதிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதே முதல் காரணம். உடலின் மற்ற செல்கள் ஒரு புதிய சூழலைச் சந்தித்தால், மரபணுக்களை இயக்கிப் புதிய புரதங்களை உருவாக்கிக்கொள்ள முடியும். அதற்கு மணிக்கணக்கில் நேரமும் எடுத்துக்கொள்ளலாம். தட்டணுவுக்கு அந்த வசதி ஏறக்குறைய இல்லை, நேரமும் இல்லை, ஏனெனில் வெட்டுப்பட்ட நாளத்தின் வழியே அது சில நொடிகளில் கடந்து போய்விடும். ஆகவே பிறக்கும்போதே தன்னுள் இருக்கும் புரதங்களை அந்த நொடியில் மாற்றியமைத்துத்தான் அது செயல்பட்டாக வேண்டும்.

அப்படி மாற்றியமைக்கும் வேலையைச் செய்பவை நொதிகள். கைனேஸ் என்னும் நொதி வகை ஒரு புரதத்தின் மீது பாஸ்பேட் தொகுதியை ஏற்றுகிறது, பாஸ்படேஸ் அதை இறக்குகிறது. லிப்பேஸ் வகை நொதிகள் செல்படலத்தின் கொழுப்பை வெட்டிச் செய்தி மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன, சைக்ளேஸ் வகை நொதிகள் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் அடினோசின் டிரைபாஸ்பேட்) போன்ற மூலக்கூறுகளை வளைய வடிவத்துக்கு மாற்றுகின்றன. இவற்றுள் எவை எந்த நேரத்தில் மேலோங்கி இருக்கின்றன என்பதைப் பொறுத்தே தட்டணு சும்மா மிதந்து செல்கிறதா, ஒட்டிக்கொள்கிறதா என்பது முடிவாகிறது.

காயம் எதுவும் இல்லாத நேரத்தில் நாளத்துக்குள் தட்டணுக்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை?

என் பார்வையில் இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான். தட்டணு தூங்கிக்கொண்டிருக்கிறது, காயம் பட்டால் விழிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், காசிமேட்டுத் துறையில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வடக்கயிற்றால் இழுத்துக் கட்டி நிறுத்தப்பட்ட விசைப்படகின் நிலைதான் அதனுடையது. கட்டு தளர்ந்தால் அது கிளம்பிவிடும். கட்டி வைத்திருப்பதற்கென்றே நாளத்தின் உட்சுவர் இடைவிடாமல் உழைக்கிறது.

அந்த உழைப்பில் மூன்று வழிகள் நன்றாக அறியப்பட்டவை. முதலாவது, நாளத்தின் உள்படலச் செல்கள் புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. இதை 1976-இல் ஜான் வேனும் சல்வடார் மொன்காடாவும் அவர்களுடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். அது தட்டணுவின் மேற்பரப்பில் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதமான ஏற்பியைத் தொட்டதும், உள்ளே அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதி ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றத் தொடங்குகிறது. இரண்டாவது, அதே உள்படலச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை வெளியிடுகின்றன. அது படலத்தை எளிதாக ஊடுருவிச் சென்று, குவானைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியை இயக்கிச் சைக்ளிக் ஜிஎம்பியை உண்டாக்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு உடலில் செய்தி சொல்லும் பொருள் என்பதைக் காட்டியதற்காக 1998-இல் பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாவது, உள்படலத்தின் மேற்பரப்பில் சிடி39 என்னும் நொதி பதிந்திருக்கிறது. தட்டணுக்களைத் தூண்டக்கூடிய ஏடிபி, ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட் ஆகிய இரண்டும் அருகில் கசிந்தால் அது உடனே சிதைத்துவிடுகிறது.

சைக்ளிக் ஏஎம்பி உயர்ந்தால் புரோட்டீன் கைனேஸ் ஏ என்னும் நொதியும், சைக்ளிக் ஜிஎம்பி உயர்ந்தால் புரோட்டீன் கைனேஸ் ஜி என்னும் நொதியும் வேலையில் இறங்குகின்றன. இவை இரண்டும் கால்சியம் வெளிப்படும் வாயில்களையும், செல்லின் எலும்புக்கூட்டை மாற்றும் புரதங்களையும் பாஸ்பேட் ஏற்றிக் கட்டுப்படுத்துகின்றன. வாஸ்ப் என்று அழைக்கப்படும் ஒரு புரதத்தின் மீது ஏறும் பாஸ்பேட்டை ஆய்வகத்தில் அளந்தே, கட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று இன்று கணிக்க முடிகிறது.

கட்டு என்றென்றும் இறுகியிருந்தாலும் ஆபத்துதான். எனவே சைக்ளிக் ஏஎம்பியையும் சைக்ளிக் ஜிஎம்பியையும் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதிகள் தட்டணுவுக்குள்ளேயே இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும் இரத்தக்குழாய் நோயாளிகளுக்குச் சில சமயம் தரப்படும் சிலோஸ்டசோல், இவற்றில் மூன்றாம் வகை நொதியைத் தடுத்துச் சைக்ளிக் ஏஎம்பியை உயர்வாக வைத்திருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அந்த மருந்து தரப்படக் கூடாது.

மீன் வெட்டும்போது கத்தி கையில் பட்டுவிட்டது. அந்த நொடியிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது?

கத்தி நாளத்தின் உள்படலத்தைக் கிழித்ததும், அதன் அடியில் மறைந்திருந்த கொலாஜன் என்னும் புரத இழைகள் இரத்தத்துக்கு வெளிப்படுகின்றன. வான் வில்லிபிராண்டு காரணி என்னும் நீண்ட புரதம் அந்த இழைகளில் படிந்து விரிகிறது. வேகமாக ஓடும் இரத்தத்தில் செல்லும் தட்டணு, கிளைக்கோபுரோட்டீன் ஒன்று-பி என்னும் ஏற்பியால் அந்தப் புரதத்தைப் பற்றித் தன் வேகத்தைக் குறைத்து, சுவரோரம் உருண்டு, கடைசியில் கொலாஜனைத் தொடுகிறது.

கொலாஜனைத் தொடும் ஏற்பிக்குக் கிளைக்கோபுரோட்டீன் ஆறு என்று பெயர். நொதிகளின் தொடர் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏற்பிகள் ஒன்றுகூடியதும் லின், ஃபின் என்னும் இரு கைனேஸ்கள் ஏற்பியோடு இணைந்த புரதத்தின் டைரோசின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்த இடத்தில் சிக் என்னும் இன்னொரு கைனேஸ் வந்து அமர்ந்து தானும் இயங்குகிறது. அதன் பின் பல தாங்கு புரதங்களும் பிடிகே என்னும் கைனேஸும் கூடி, பாஸ்போலிப்பேஸ் சி காமா இரண்டு என்னும் நொதியைச் செயலுக்குக் கொண்டுவருகின்றன. இந்தத் தொடர் மருத்துவத்திலும் நேரடியாகத் தெரியும்: சில இரத்தப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் இப்ரூட்டினிப் பிடிகேவைத் தடுக்கும் மருந்து என்பதால், அதைச் சாப்பிடுபவர்களில் பலருக்குத் தோலில் எளிதாக இரத்தம் கட்டிக்கொள்கிறது.

பாஸ்போலிப்பேஸ் சி, படலத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. வெட்டுண்ட ஒரு பகுதி, உள்ளே சேமித்து வைக்கப்பட்ட கால்சியத்தை விடுவிக்கிறது. அமைதியான நிலையில் மிகக் குறைவாக இருந்த கால்சியத்தின் செறிவு நொடிகளில் பத்து மடங்கு அளவுக்கு உயர்கிறது. மற்றொரு பகுதி படலத்திலேயே தங்கிப் புரோட்டீன் கைனேஸ் சி-யை இயக்குகிறது. கால்சியமும் இந்தக் கைனேஸும் சேர்ந்து மூன்று காரியங்களை நடத்துகின்றன. தட்டணு வட்டத் தட்டு வடிவத்தை விட்டுக் கைகால் நீட்டியதுபோல் பரவுகிறது. உள்ளே இருந்த சிறு பைகள் தம் சரக்கை வெளியே கொட்டுகின்றன. மேலும் ராப்1 என்னும் சிறிய புரதம் இயங்கத் தொடங்கி, டாலின் என்னும் புரதத்தை இன்டெக்ரின் ஆல்பா-இரண்டு-பி பீட்டா-மூன்று என்னும் ஏற்பியின் உட்பகுதிக்கு அனுப்புகிறது.

இந்த இன்டெக்ரின் ஒவ்வொரு தட்டணுவின் மேலும் ஏறத்தாழ 80,000 வரை இருக்கிறது. அமைதியான நிலையில் அது மடங்கிக் கிடக்கும். இரத்தத்தில் எப்போதும் ஏராளமாக ஓடும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை அதனால் பற்ற முடியாது. டாலின் உள்ளிருந்து அதைத் தொட்டதும் அது நிமிர்ந்து திறக்கிறது. ஒரே ஃபைப்ரினோஜன் மூலக்கூறு இரு முனைகளாலும் இரண்டு தட்டணுக்களைப் பிணைத்துவிட முடியும் என்பதால், தட்டணுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிழிசலை அடைக்கின்றன. கையில் பட்ட சிறு வெட்டில் இரத்தம் சில நிமிடங்களில் நிற்பது இதனால்தான். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது ஒன்றுதான். அடிக்கடி எடுத்துப் பார்ப்பது புதிதாக உருவான அடைப்பைப் பெயர்த்துவிடும்.

ஒரு தட்டணுவுக்குக் கிடைத்த செய்தி மற்றவற்றுக்கு எப்படித் தெரிகிறது?

கொலாஜனை நேரடியாகத் தொடுபவை முதல் வரிசைத் தட்டணுக்கள் மட்டுமே. அடுத்து வருபவற்றை மூன்று செய்திகள் அழைக்கின்றன.

முதல் செய்தி, தட்டணு வெளியே கொட்டும் அடினோசின் டைபாஸ்பேட். இதற்குத் தட்டணுவின் மேல் இரண்டு ஏற்பிகள் உள்ளன. பி2ஒய்1 என்பது பாஸ்போலிப்பேஸ் சி-யை இயக்கிக் கால்சியத்தை உயர்த்துகிறது. பி2ஒய்12 என்பது அடினைலேட் சைக்ளேஸைத் தடுத்துச் சைக்ளிக் ஏஎம்பியைக் குறைப்பதோடு, பிஐ3 கைனேஸ் என்னும் நொதியையும் இயக்கி, உருவான அடைப்பு கலையாமல் நிலைக்கச் செய்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் வேலை செய்தால் தட்டணுக்கள் முழுமையாகச் சேருவதில்லை.

இரண்டாவது செய்தி திராம்பாக்சேன் ஏ2. கால்சியம் உயர்ந்ததும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்னும் நொதி படலத்திலிருந்து அரக்கிடானிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்தை விடுவிக்கிறது. சைக்ளோஆக்சிஜனேஸ்-1 அதை ஓர் இடைநிலைப் பொருளாக்க, திராம்பாக்சேன் சிந்தேஸ் அதை முடித்துக் கொடுக்கிறது. இதை 1975-இல் பெங்த் சாமுவேல்சன் குழுவினர் கண்டறிந்தார்கள். அதன் அரைவாழ்வு வெறும் 30 நொடி அளவே என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதுண்டு. அருகில் உள்ள தட்டணுவை மட்டும் எட்டி, தொலைவில் உள்ள நல்ல நாளத்தில் உறைவை உண்டாக்காமல் இருப்பதற்கு அந்தக் குறுகிய ஆயுளே காரணம்.

மூன்றாவதும் மிக வலுவானதுமான செய்தி திராம்பின். இங்கே நொதியே செய்தி. திராம்பின் ஒரு வெட்டும் நொதி. தட்டணுவின் மேல் உள்ள பார்-1, பார்-4 ஏற்பிகளின் வெளிமுனையை அது வெட்டிவிடுகிறது. வெட்டுக்குப் பின் புதிதாக வெளிப்படும் முனை, தன் ஏற்பியிலேயே பொருந்தி அதை இயக்குகிறது. 1991-இல் ஷான் காஃப்லின் குழுவினர் இந்த வழியைக் கண்டுபிடித்தபோது, ஓர் ஏற்பி தன்னைத் தானே தூண்டிக்கொள்ள முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. எனக்கு இன்றும் அது உடலியங்கியலின் அழகான பகுதிகளில் ஒன்று. நன்றாகத் தூண்டப்பட்ட தட்டணு தன் செல்படலத்தின் உட்புறத்தில் இருந்த பாஸ்படிடைல்செரின் என்னும் கொழுப்பை வெளிப்புறம் திருப்பிவிடுகிறது. இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைவுக் காரணிகள் அந்தப் பரப்பில் கூடி மேலும் பல ஆயிரம் மடங்கு வேகத்தில் திராம்பினை உருவாக்குகின்றன.

அப்படியானால் உறைவு உடல் முழுவதும் பரவாமல் நிற்பது எப்படி?

ஓடும் இரத்தம் தூண்டும் பொருள்களை அடித்துச் செல்கிறது. பக்கத்தில் உள்ள நல்ல உள்படலம் புரோஸ்டாசைக்ளினையும் நைட்ரிக் ஆக்சைடையும் சுரந்துகொண்டே இருக்கிறது. பாஸ்படேஸ்கள் ஏற்றப்பட்ட பாஸ்பேட்டுகளை இறக்குகின்றன. இன்னொரு நொதியையும் இங்கே சொல்ல வேண்டும். அடாம்ட்ஸ்13 என்னும் நொதி, மிக நீளமான வான் வில்லிபிராண்டு காரணியை வெட்டிச் சிறிதாக்குகிறது. அந்த நொதி குறைந்துபோனால் நுண்நாளங்களில் தட்டணுக்கள் திரண்டு, மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் திராம்பாடிக் திராம்போசைட்டோபீனிக் பர்பூரா என்னும் கொடிய நோய் வருகிறது. அந்நோயில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும், வெளியிலிருந்து தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவதே உயிர் காக்கும் சிகிச்சை.

அப்பாவுக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டுமே தருகிறார்கள். இவ்வளவு சிறிய அளவு எப்படிப் போதும்?

ஆஸ்பிரின் தன் அசிட்டைல் தொகுதியைச் சைக்ளோஆக்சிஜனேஸ்-1 நொதியின் 529-ஆவது இடத்தில் உள்ள செரின் அமினோ அமிலத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. அந்த நொதிக்குள் அரக்கிடானிக் அமிலம் நுழையும் வழி அடைபட்டுவிடுகிறது. ஆஸ்பிரின் இரத்தத்தில் 15 முதல் 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அடைபட்ட நொதியை மாற்றப் புதிய நொதியைத் தட்டணுவால் உருவாக்க முடியாது. எனவே அந்தத் தட்டணு வாழும் மீதி நாள் முழுவதும் அதனால் திராம்பாக்சேனை உருவாக்க முடிவதில்லை.

உள்படலச் செல்களின் நிலை வேறு. அவற்றுக்கு உட்கரு உண்டு. தடுக்கப்பட்ட நொதிக்குப் பதிலாகச் சில மணி நேரத்தில் புதியதை உருவாக்கிப் புரோஸ்டாசைக்ளின் சுரப்பைத் தொடர்கின்றன. மேலும், வயிற்றிலிருந்து உறிஞ்சப்படும் ஆஸ்பிரின் கல்லீரலில் சிதைவதற்கு முன்பே, குடலிலிருந்து வரும் நாளத்தில் தட்டணுக்களைச் சந்தித்துவிடுகிறது. ஆகவே சிறிய அளவை நாள்தோறும் சாப்பிட்டால், திராம்பாக்சேன் 95 விழுக்காட்டுக்கு மேல் அடங்குகிறது, புரோஸ்டாசைக்ளின் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அளவைக் கூட்டினால் நன்மை கூடுவதில்லை. வயிற்றுப் புண்ணும் இரத்தக்கசிவுமே கூடும். திராம்பாக்சேனுக்கு உறவான செய்திப் பொருளாகிய புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் சாமுவேல்சன், பெர்க்ஸ்ட்ரோம் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாள்தோறும் சுமார் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதியவை என்பதால், மாத்திரையை நிறுத்திய சில நாட்களிலேயே இரத்தம் உறையும் திறன் ஓரளவு மீள்கிறது. முழுதாக மீள ஏழு முதல் பத்து நாள் ஆகும். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ முன் நிறுத்த வேண்டுமா என்பதை இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மாரடைப்பு என்று ஐயப்படும் நேரத்தில் தருகிற ஆஸ்பிரின் வேறு கணக்கு: அங்கே எல்லாத் தட்டணுக்களையும் உடனே அடக்க வேண்டியிருப்பதால், 300 மில்லிகிராம் அளவில், மேற்பூச்சு இல்லாத மாத்திரையை மென்று விழுங்கச் சொல்கிறார்கள்.

அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாத்திரை தருகிறார்கள். ஆஸ்பிரினே இருக்கும்போது இரண்டாவது எதற்கு? அது சிலருக்கு வேலை செய்யாது என்கிறார்களே?

ஆஸ்பிரின் திராம்பாக்சேன் வழியை மட்டுமே அடைக்கிறது. அடினோசின் டைபாஸ்பேட்டின் வழி திறந்தே இருக்கிறது. ஸ்டென்ட் என்பது உள்படலம் இன்னும் மூடாத ஓர் உலோக வலை. அதன் மேல் தட்டணுக்கள் திரண்டால் குழாய் ஒரேயடியாக அடைபடும். ஆகவே பி2ஒய்12 ஏற்பியைத் தடுக்கும் குளோபிடோகிரெல், பிராசுகிரெல், டைகாகிரெலார் ஆகியவற்றில் ஒன்றும் சேர்க்கப்படுகிறது. மாரடைப்புக்குப் பின் இந்த இரட்டைச் சிகிச்சை வழக்கமாக ஓராண்டு தொடரும். இரத்தக்கசிவு அபாயத்தைப் பார்த்து மருத்துவர் அதைக் குறைக்கலாம்.

குளோபிடோகிரெல் விழுங்கும் வடிவத்தில் செயலற்றது. அதில் சுமார் 85 விழுக்காட்டை உடலின் எஸ்டரேஸ் நொதிகள் வீணாக்கிவிடுகின்றன. எஞ்சியதைக் கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகள், குறிப்பாக சிஒய்பி2சி19, இரண்டு படிகளில் செயலுள்ள பொருளாக மாற்றுகின்றன. இந்த நொதி வலுவிழந்த வடிவில் மரபுவழியாக அமைந்தவர்களுக்கு மருந்தின் பலன் குறைகிறது. நம் நாட்டினரிடையே அந்த மரபு வடிவம் மிகப் பரவலாக உண்டு. வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடும் ஒமிப்ரசோல் இதே நொதியைத் தடுப்பதால், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்களுக்குப் பான்டோபிரசோல் போன்ற வேறொன்றைத் தேர்வு செய்வது வழக்கம். டைகாகிரெலாருக்கு இந்த மாற்றம் தேவையில்லை. அது ஏற்பியை விட்டு மீண்டும் விலகக்கூடியது; அதனால் நாளுக்கு இருமுறை, வேளை தவறாமல் சாப்பிட வேண்டும்.

இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் தலைமையில் நடந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கும் புதிதாகப் பொருத்திய நாளம் அடைபடாமல் இருக்க ஆஸ்பிரின் தேவைப்படுகிறது. மார்பில் தழும்பு ஆறிவிட்டது என்பதற்காக அதை விட்டுவிடும் பெரியவர்களைக் காணும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஐபுபுரூஃபன் வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆஸ்பிரினோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஐபுபுரூஃபன் அதே சைக்ளோஆக்சிஜனேஸ்-1 நொதியில் தற்காலிகமாக அமர்ந்து, ஆஸ்பிரின் தன் இடத்தை அடைய முடியாமல் செய்துவிடுகிறது. ஐபுபுரூஃபன் விலகும்போது ஆஸ்பிரின் இரத்தத்தில் இருக்காது. இரண்டும் கட்டாயம் தேவை என்றால், சாதாரண ஆஸ்பிரின் சாப்பிட்டு குறைந்தது அரை மணி நேரம் கழித்தோ, அல்லது ஐபுபுரூஃபன் சாப்பிட்டு எட்டு மணி நேரத்துக்குப் பிறகு ஆஸ்பிரினோ என்று இடைவெளி விடச் சொல்வார்கள்.

டெங்குவில் எண்ணிக்கை 40,000 என்று வந்துள்ளது. உடனே தட்டணு ஏற்ற வேண்டாமா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

டெங்கு வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியைக் குறைக்கிறது. இரத்தத்தில் உள்ள தட்டணுக்களைத் தூண்டியும் அழியச் செய்கிறது. எனவே எண்ணிக்கை இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் டெங்குவில் உயிருக்கு வரும் முதன்மையான ஆபத்து, நுண்நாளங்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து இரத்த அழுத்தம் வீழ்வதுதான். அதனால்தான் மருத்துவர்கள் தட்டணு எண்ணிக்கையோடு, இரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹீமட்டோகிரிட்டையும் நாடித்துடிப்பையும் சிறுநீரின் அளவையும் கவனிக்கிறார்கள். இரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்கு 40,000 என்ற எண்ணை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றுவதில்லை. பொதுவாக 10,000-க்குக் கீழே போனாலோ, குறிப்பிடத்தக்க இரத்தக்கசிவு இருந்தாலோதான் ஏற்றுகிறார்கள். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மயக்கம் கலந்த சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கே நொதியைப் பற்றிய செய்தி உயிர் காக்கக்கூடியது. குறைந்த எண்ணிக்கையில் எஞ்சியிருக்கும் தட்டணுக்களாவது முழுத் திறனோடு வேலை செய்ய வேண்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் அவற்றின் சைக்ளோஆக்சிஜனேஸைத் தடுத்துவிடும். எனவே டெங்கு என்று ஐயம் இருக்கும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் சொன்ன அளவில். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று விரைவாக உயர்த்துவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டின. அது இரத்தக்கசிவையோ இறப்பையோ குறைக்கிறது என்பது நிறுவப்படவில்லை. எண்ணிக்கை எப்படியும் காய்ச்சல் விட்ட சில நாட்களில் தானாக ஏறத் தொடங்கும். வாந்தியோடு இருக்கும் பிள்ளைக்குக் கசப்புச் சாற்றைப் புகட்டி மேலும் வாந்தி எடுக்கச் செய்வதைவிட, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல், கஞ்சி, இளநீர் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சர்க்கரை நோய் உள்ளவர்களின் தட்டணுக்கள் வேறுபடுமா?

ஆம். இரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் புரோட்டீன் கைனேஸ் சி கூடுதலாக இயங்குகிறது, உள்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. புதிய தட்டணுக்களும் வேகமாக உருவாவதால், காலையில் சாப்பிட்ட ஆஸ்பிரினைச் சந்திக்காத அணுக்கள் மாலைக்குள் கூடிவிடலாம். புகைபிடிப்பதும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் என் மகளுக்கு மாதவிடாயில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு இருக்கிறது. தட்டணுவின் குறையாக இருக்குமா?

இருக்கலாம், கட்டாயம் பரிசோதிக்க வேண்டிய கேள்வி இது. 1918-இல் எட்வார்ட் கிளான்ஸ்மான் விவரித்த நோயில், எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். ஆனால் மேலே சொன்ன இன்டெக்ரின் இல்லாமலோ பழுதாகவோ இருக்கும். உள்ளே நொதிகளின் தொடர் முழுவதும் சரியாக நடந்தாலும், கடைசியில் ஃபைப்ரினோஜனைப் பற்ற எதுவும் இருக்காது. பெர்னார்ட் - சூலியே நோயில் கிளைக்கோபுரோட்டீன் ஒன்று-பி குறைபடுகிறது. தட்டணுக்கள் பெரிதாகவும் எண்ணிக்கை குறைவாகவும் தெரியும். இவை பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய குறைகள் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவற்றைவிடப் பரவலானது வான் வில்லிபிராண்டு காரணியின் குறைபாடு. "பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு, சோகை பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தானமாகப் பெற்ற தட்டணுக்களை ஏன் ஃபிரிட்ஜில் வைப்பதில்லை?

சிவப்பணுக்களைக் குளிரில் வாரக்கணக்கில் வைக்கலாம். தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பநிலையில், மெதுவாக ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள் வரைதான் வைக்கிறார்கள். குளிர்ந்த தட்டணுவின் மேல் கிளைக்கோபுரோட்டீன் ஒன்று-பி ஏற்பிகள் திரண்டுவிடுகின்றன. அவற்றின் சர்க்கரைச் சங்கிலிகளின் முனையில் உள்ள சியாலிக் அமிலத்தைச் சியாலிடேஸ் என்னும் நொதி நீக்கிவிடுகிறது. அப்படி நீங்கிய தட்டணுவை, ஏற்றிய சில மணி நேரத்திலேயே கல்லீரல் பற்றி அகற்றிவிடும். ஐந்து நாள் மட்டுமே நிற்பதால்தான், மழைக்காலத்தில் இரத்த வங்கிகள் கொடையாளரைத் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கிறது.

தட்டணுவின் எண்ணிக்கையை விட்டு, அதன் வேலையை அளக்கச் சோதனை உண்டா?

உண்டு. 1962-இல் குஸ்டாவ் போர்ன் உருவாக்கிய முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. தட்டணு நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். அதில் அடினோசின் டைபாஸ்பேட், கொலாஜன், அரக்கிடானிக் அமிலம் போன்ற ஒரு தூண்டியைச் சேர்த்தால், தட்டணுக்கள் திரண்டு கலங்கல் தெளிகிறது. ஊடுருவும் ஒளியின் அளவு கூடுவதைக் கருவி வரைபடமாக எழுதுகிறது. எந்தத் தூண்டிக்கு வரைபடம் எழவில்லை என்பதைக் கொண்டு, எந்த ஏற்பியில் அல்லது நொதியில் குறை என்று ஊகிக்கலாம். அரக்கிடானிக் அமிலத்துக்கு மட்டும் எழவில்லை என்றால், பெரும்பாலும் அந்த நபர் ஆஸ்பிரின் சாப்பிட்டிருப்பார். மற்ற எதற்கும் எழாமல் ரிஸ்டோசெட்டின் என்னும் பொருளுக்கு மட்டும் எழுந்தால் கிளான்ஸ்மான் நோயை நினைக்க வேண்டும்.

சோதனைக்கு வருபவர் முந்தைய பத்து நாளில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பெயரையும், சளிக்கும் தலைவலிக்கும் வாங்கியவை உட்பட, எழுதிக் கொண்டுவர வேண்டும். இரத்தம், உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள குழாயில், நாளத்தில் ஊசியை மீண்டும் மீண்டும் குத்தாமல் எடுக்கப்பட வேண்டும், குலுக்கக் கூடாது, ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் சோதனை முடிய வேண்டும். எண்ணூரிலோ மணலியிலோ இரத்தம் எடுத்து, போக்குவரத்து நெரிசலில் நகரத்தின் மறுமுனைக்கு அனுப்பிய மாதிரி பலமுறை தவறான முடிவைத் தரும். இந்தச் சோதனைக்கு மட்டும் நோயாளி நேராக ஆய்வகத்துக்கே போவது நல்லது.